சாம் ஹூஸ்டன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெக்சாஸ் வரலாற்றைப் படிக்கத் தொடங்குகிறவர்கள் சாம் ஹூஸ்டனைப் பற்றித் (1793–1863) திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. ஓரிரு வரியில் முடிகிறவற்றை அப்படியே முடித்துவிட்டோம். 1836-ஆம் ஆண்டின் மார்ச், ஏப்ரல் மாதங்களுக்கு மட்டும் தாராளமாக இடம் விட்டிருக்கிறோம். அவரைப் பற்றிய வாக்குவாதங்களில் பாதி அங்கேதான் பிறக்கிறது.

ஒரே மூச்சில் சொன்னால், யார் இவர்?

வர்ஜீனியாவில் பிறந்து டென்னசியில் வளர்ந்தவர். பள்ளி ஆசிரியர், படை அதிகாரி, வழக்கறிஞர், அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை உறுப்பினர், டென்னசி ஆளுநர், செரோக்கிப் பழங்குடியினரின் குடிமகன், டெக்சாஸ் புரட்சிப் படையின் தளபதி, டெக்சாஸ் குடியரசின் அதிபர் (இருமுறை), 13 ஆண்டுகள் அமெரிக்க செனட்டர், கடைசியாக டெக்சாஸ் ஆளுநர். இரண்டு வெவ்வேறு மாநிலங்களில் மக்கள் வாக்களித்து ஆளுநரானவர் அமெரிக்காவில் இவர் ஒருவர்தான். ஆளுநர் என்றதும் நம்மூர் ஆளுநர் மாளிகையை நினைத்துக்கொள்ள வேண்டாம். அங்கே அது தேர்தலில் நின்று ஜெயிக்கிற பதவி, நம் முதலமைச்சர் நாற்காலிக்கு நிகரானது.

ஹூஸ்டன் நகரத்துக்கு இவர் பெயர்தானா? உச்சரிப்பு எது சரி?

இவர் பெயர்தான். மெக்சிகப் படையை ஹூஸ்டன் வென்ற சான் ஹசின்டோ போர் முடிந்து நான்கே மாதத்தில், 1836 ஆகஸ்ட் கடைசியில், ஆலன் சகோதரர்கள் என்ற இரு நிலவணிகர்கள் பஃபலோ பாயூ ஓடைக்கரையில் மனை போட்டு விற்கத் தொடங்கினார்கள். வென்ற தளபதியின் பெயரை ஊருக்கு வைத்தால் மனை விலைபோகும் என்ற கணக்கு பலித்தது. 1837 முதல் 1839 வரை குடியரசின் தலைநகரமும் அதுவே.

அமெரிக்கர்கள் சொல்வது ‘ஹியூஸ்டன்’. தமிழ்ப் பத்திரிகைகளில் ‘ஹூஸ்டன்’ நிலைத்துவிட்டதால் நாமும் அதையே எழுதுகிறோம். நியூயார்க்கில் இதே எழுத்துக்கூட்டலில் உள்ள தெருவை ‘ஹவுஸ்டன்’ என்பார்கள். அது வேறொருவர் பெயர், இவரோடு சம்பந்தமில்லை.

செரோக்கிகளோடு வாழ்ந்தார் என்பது கதையா?

கதையில்லை. தந்தை இறந்தபின் தாய் எலிசபெத் ஒன்பது பிள்ளைகளோடு 1807-இல் டென்னசியின் மேரிவில் பக்கம் குடிபெயர்ந்தார். அண்ணன்மார் சாமைக் கடையில் உட்காரவைத்தார்கள். பையனுக்கு அது ஒத்துவரவில்லை. 1809-இல், பதினாறாவது வயதில், வீட்டைவிட்டு ஓடி ஹிவாசி ஆற்றுத் தீவில் இருந்த செரோக்கி ஊருக்குப் போய்ச் சேர்ந்தார். அவ்வூர்த் தலைவர் ஊலூடெக்கா அவரை மகனாகவே ஏற்றுக்கொண்டார். வைத்த பெயர் ‘கொலன்னே’, அதாவது அண்டங்காக்கை. சுமார் மூன்றாண்டு அங்கே இருந்தார், மொழி கற்றார்.

1829-இல் வாழ்க்கை உடைந்தபோதும் தேடிப் போனது அதே மனிதரைத்தான். அதற்குள் ஊலூடெக்காவின் மக்கள் மேற்கே, இன்றைய ஓக்லஹோமாப் பகுதிக்கு, இடம்பெயர்ந்திருந்தார்கள். அந்த இடப்பெயர்வின் முதல் கட்டத்தை 1817–18-இல் அரசின் துணை முகவராக நின்று நடத்திவைத்தவர்களில் ஹூஸ்டனும் ஒருவர் என்பது பலருக்குத் தெரியாது. அவர்கள்மேல் பாசம் இருந்தது. அவர்களை அப்புறப்படுத்திய அரசின் சம்பளமும் கையில் இருந்தது.

அவர் பள்ளியில் என்ன கட்டணம் வாங்கினார்?

மாணவனுக்கு ஆண்டுக்கு 8 டாலர். ஒரு பங்கு காசு, ஒரு பங்கு மக்காச்சோளம், ஒரு பங்கு பருத்தித்துணி. எல்லைப்புறத்தில் நாணயம் புழங்குவது அரிது, அதனால் இந்த முப்பிரிவு. 1812-இல் கடனை அடைக்கவே பள்ளி நடத்தினார், கடன் அடைந்ததும் விட்டுவிட்டார். அந்த மரக்கட்டைப் பள்ளி மேரிவில் அருகே இன்றும் நிற்கிறது.

ஹார்ஸ்ஷூ பெண்ட் போரில் என்ன நடந்தது?

1813 மார்ச்சில் படையில் சேர்ந்தார். ஓராண்டு கழித்து, 1814 மார்ச் 27 அன்று, இன்றைய அலபாமாவில் டல்லபூசா ஆற்றின் குதிரைலாட வளைவில், ஆண்ட்ரூ ஜாக்சன் தலைமையில் ‘ரெட் ஸ்டிக்’ எனப்பட்ட க்ரீக் பழங்குடிப் போர்வீரர்களைத் தாக்கிய படையில் 39-ஆவது காலாட்படையோடு இருந்தார். வளைவின் கழுத்தை அடைத்து மரக்கட்டை அரண் எழுப்பியிருந்தார்கள். முதலில் ஏறிய மேஜர் மான்ட்கோமரி அங்கேயே சுடப்பட்டு விழுந்தார். அடுத்து ஏறியவர்களில் ஹூஸ்டன் ஒருவர். தொடையில் முள்ளம்பு பாய்ந்தது. பக்கத்திலிருந்த அதிகாரியைப் பிடுங்கச் சொன்னார். இரண்டுமுறை இழுத்தும் வரவில்லை. வாளை ஓங்கி மிரட்டியபின் மூன்றாம் இழுப்பில் சதையோடு வந்தது.

ஓய்வெடுக்கச் சொன்ன ஜாக்சனின் பேச்சைக் கேட்காமல் மாலையில் இன்னொரு பதுங்கரணைத் தாக்கப் போய், வலத் தோளிலும் கையிலும் இரண்டு குண்டு வாங்கினார். மருத்துவர் ஒன்றை எடுத்தார். விடியுமுன் செத்துவிடுவான், வீணாக ஏன் வதைக்கவேண்டும் என்று மற்றதை விட்டுவிட்டார். சாகவில்லை. ஆனால் அந்தத் தோள் முழுதாக ஆறவுமில்லை, சாகும்வரை கசிந்துகொண்டே இருந்தது.

அன்று க்ரீக் தரப்பில் 800 பேருக்குமேல் மடிந்தார்கள். ஜாக்சனுக்குத் துணையாக ஆற்றின் பின்புறமிருந்து தாக்கியவர்கள் செரோக்கிகள். பின்னாளில் அவர்களை நாட்டைவிட்டே துரத்தியதும் ஜாக்சன்தான். ஹூஸ்டனின் அரசியல் ஏணி அந்த ஜாக்சன். 1823-இல் பிரதிநிதிகள் சபை, 1827-இல் டென்னசி ஆளுநர் பதவி, இரண்டிலும் ஜாக்சனின் கை இருந்தது.

1829-இல் ஆளுநர் பதவியை ஏன் தூக்கியெறிந்தார்?

அந்த ஜனவரி 22-இல் எலைசா ஆலன் என்ற 19 வயதுப் பெண்ணை மணந்தார். அவருக்கு வயது 35. பதினோரு வாரத்தில் எலைசா பிறந்தவீடு திரும்பிவிட்டார். ஏப்ரல் 16-இல் ஹூஸ்டன் ராஜினாமாக் கடிதம் எழுதிக்கொடுத்துவிட்டு மேற்கே கிளம்பினார். காரணத்தை இருவரும் கடைசிவரை வாய்திறந்து சொல்லவில்லை. ஊர் ஆயிரம் சொன்னது. அந்த வதந்திகளை இங்கே அடுக்குவதில் பயனில்லை.

அடுத்த மூன்றாண்டு இருண்ட காலம். செரோக்கிக் குடியுரிமை பெற்றார் (1829 அக்டோபர்), டயானா ராஜர்ஸ் என்ற செரோக்கிப் பெண்ணோடு வாழ்ந்தார், கிப்சன் கோட்டை அருகே ஒரு வணிகக்குடில் நடத்தினார். விடாமல் குடித்தார். குடிப்பழக்கம் ஓய்ந்தது 1840-இல் மார்கரெட் லீயை மணந்தபின்தான். அந்த மணத்தில் எட்டுப் பிள்ளைகள்.

நாடாளுமன்ற உறுப்பினரைத் தடியால் அடித்தவர் இவரா?

இவரேதான். செரோக்கிகளின் குறைகளைச் சொல்ல வாஷிங்டன் வந்திருந்தபோது, ஒஹாயோ உறுப்பினர் வில்லியம் ஸ்டான்பெரி, பழங்குடிகளுக்கான உணவுப்பொருள் ஒப்பந்தத்தில் ஹூஸ்டன் பெயரை இழுத்துச் சபையில் ஊழல் சாட்டினார். விளக்கம் கேட்டு எழுதிய கடிதத்துக்கும் பதில் வரவில்லை. 1832 ஏப்ரல் 13 இரவு, பென்சில்வேனியா அவென்யூவில் எதிர்ப்பட்டவரை ஹிக்கரி மரக் கைத்தடியால் விளாசினார். ஸ்டான்பெரி கைத்துப்பாக்கியை நெஞ்சில் வைத்து விசையை அழுத்தினார். தீப்பொறி பறந்தது, குண்டு கிளம்பவில்லை.

சபையே விசாரித்தது. ஹூஸ்டனின் வழக்கறிஞர் ஃபிரான்சிஸ் ஸ்காட் கீ, அமெரிக்க தேசிய கீதத்தை எழுதியவர். சபாநாயகர் கண்டித்தார், பிறகு நீதிமன்றம் 500 டாலர் அபராதம் போட்டது. அபராதத்தை, அப்போது அமெரிக்க அதிபராக இருந்த ஜாக்சன் பிற்பாடு ரத்துசெய்தார். விசாரணை ஹூஸ்டனுக்கு லாபமாகவே முடிந்தது. மறந்துபோன மனிதரின் பெயர் மறுபடி நாடெங்கும் அச்சேறியது. அந்த டிசம்பரில் ரெட் ஆற்றைத் தாண்டி டெக்சாஸுக்குள் நுழைந்தார்.

அலமோவுக்கு உதவி அனுப்பாமல் கைவிட்டார் என்பது உண்மையா?

அலமோ, சான் அன்டோனியோவில் டெக்சாஸ் கலகக்காரர்கள் காத்து நின்ற கோட்டை. மெக்சிகப் படை அதைப் பிடித்து, காத்தவர்களில் அநேகமாக எல்லோரையும் கொன்றது. நாளைப் பார்த்தாலே பாதிப் பதில் கிடைக்கும். டெக்சாஸ் அப்போது மெக்சிகோவின் பகுதி. அங்கே குடியேறியிருந்த அமெரிக்கர்கள் 1835-இல் கலகம் தொடங்கினார்கள். ஹூஸ்டன் நவம்பரில் தளபதியாக்கப்பட்டார், ஆனால் கையில் படை இல்லை. தன்னார்வலர்கள் அவர் கட்டுப்பாட்டில் இல்லை. 1836 ஜனவரி 17-இல் ஜிம் பூயி என்ற படைத்தலைவரை சான் அன்டோனியோவுக்கு அனுப்பியபோதே, அலமோவின் அரண்களை இடித்துவிட்டுப் பீரங்கிகளை வெளியே கொண்டுவருவதே நல்லது என்பது அவர் கருத்தாக இருந்தது. பூயியும் அங்கே பொறுப்பிலிருந்த நீல் என்ற அதிகாரியும் தங்கிக் காப்பதென்று முடிவெடுத்தார்கள்.

மார்ச் 2-இல் பிரேசஸ் ஆற்றங்கரை வாஷிங்டனில் விடுதலைப் பிரகடனம். அன்று ஹூஸ்டனின் 43-ஆவது பிறந்தநாள். மார்ச் 6-இல் அலமோ விழுந்தது. ஹூஸ்டன் கொன்சாலஸ் ஊரில் படையைச் சந்தித்தது மார்ச் 11-இல். அங்கே இருந்தவர்கள் சுமார் 374 பேர். இரண்டு நாளில் அலமோவிலிருந்து உயிரோடு விடப்பட்ட சுசன்னா டிக்கின்சன் வந்து நடந்ததைச் சொன்னார். அன்றிரவே கொன்சாலஸைக் கொளுத்திவிட்டுப் படை கிழக்கே நகர்ந்தது. கைவிட்டார் என்று சொல்ல, முதலில் கையில் ஏதாவது இருந்திருக்க வேண்டும்.

ஐந்து வாரம் ஏன் பின்வாங்கிக்கொண்டே இருந்தார்?

அதிகம் கேட்கப்படுவது இதுதான். எங்கள் பார்வையில், அவர் வாழ்க்கையிலேயே மிகத் திறமையாகச் செய்த காரியமும் இந்தப் பின்வாங்கல்தான். போர் அதன் வட்டி.

மூன்று ஆறுகளை வைத்துக்கொண்டு பாருங்கள். மேற்கிலிருந்து கிழக்காக குவாடலூப், கொலராடோ, பிரேசஸ். மார்ச் 17-இல் கொலராடோவை அடைந்தார். அங்கே ஆட்கள் சேர்ந்து ஆயிரத்துக்கு மேலானார்கள். எதிர்க்கரையில் மெக்சிகத் தளபதி ராமிரஸ் இ செஸ்மா எழுநூறு, எண்ணூறு பேரோடு நின்றார். அடிக்கலாமே என்று படை துடித்தது. ஹூஸ்டன் அடிக்கவில்லை. ஜெயித்தாலும் பின்னால் வேறு மெக்சிகப் படைகள் இருந்தன. காயம்பட்டவர்களைச் சுமக்க வண்டி போதாது, வெடிமருந்தும் கொஞ்சம். தோற்றாலோ டெக்சாஸிடம் இன்னொரு படை இல்லை. அதற்குள் ஃபானின் என்ற இன்னொரு டெக்சாஸ் தளபதி 20-ஆம் தேதி திறந்த புல்வெளியில் சிக்கிச் சரணடைந்த செய்தி வந்தது. சரணடைந்த அந்த வீரர்களில் 340-க்கு மேற்பட்டோரை மார்ச் 27-இல் கோலியாடில் வரிசையாக நிறுத்திச் சுட்டார்கள்.

விளைவு இரண்டு விதமாக இருந்தது. குடியேறிகள் வண்டி மாடு பூட்டி, அடுப்பில் சோறு வேகும்போதே வீட்டை விட்டு ஓடினார்கள். ‘ரன்அவே ஸ்கிரேப்’ என்று டெக்சாஸில் இன்றும் சொல்வது இதைத்தான். படையில் இருந்தவர்களும் குடும்பத்தைக் காக்கப் பாதிக்குமேல் கலைந்தார்கள். நிற்கச் சொல்லிக் கட்டிப்போட முடியாது, அவர்கள் சம்பளப் படையல்லர்.

மார்ச் கடைசியில் பிரேசஸின் மேல்பக்கம் குரோஸ் தோட்டத்தில் கூடாரம் போட்டார். இரண்டு வாரம் மழை, சேறு, நோய். அங்கேதான் கும்பல் படையாயிற்று: வரிசையில் நிற்க, கட்டளைக்கு நகர, ஒன்றாகச் சுடப் பயிற்சி நடந்தது. சின்சினாட்டி மக்கள் அன்பளிப்பாக அனுப்பிய ‘இரட்டைச் சகோதரிகள்’ என்ற இரண்டு சிறு பீரங்கிகள் ஏப்ரல் 11-இல் வந்து சேர்ந்தன. குண்டுக்குப் பஞ்சம், அதனால் குதிரைலாடத்தையும் பழைய இரும்பையும் துண்டு துண்டாக வெட்டி நிரப்பினார்கள். பெருகி ஓடிய ஆற்றை ‘எல்லோ ஸ்டோன்’ என்ற நீராவிப் படகில் கடந்தார்கள்.

இதற்கிடையே தற்காலிக அதிபர் பர்னெட், எதிரி உங்களைப் பார்த்துச் சிரிக்கிறான், சண்டை போடுங்கள் என்று கடிதம் எழுதினார். மோஸ்லி பேக்கர், வைலி மார்ட்டின் என்ற இரு தலைவர்கள் இனி ஓரடி பின்னே வரமாட்டோம் என்றார்கள். அவர்களைத் தண்டிக்காமல், ஆற்றுத்துறைகளைக் காக்கும் வேலையைக் கொடுத்து அங்கேயே விட்டார். மறுத்தவனை வேலைக்காரனாக்குவது ஒரு கலை.

பின்வாங்கியவர் எப்போது திரும்பினார்? அதுவே திட்டமா, தற்செயலா?

மெக்சிகோவின் அதிபரும் படைத்தலைவருமான சான்டா அன்னா செய்த தவறு கதவைத் திறந்தது. டெக்சாஸ் அரசாங்கத்தையே பிடித்துவிடலாம் என்று, பெரும்படையை பிரேசஸ் பக்கம் விட்டுவிட்டுச் சுமார் 700 பேரோடு ஹாரிஸ்பர்க் நோக்கிப் பாய்ந்தார். பர்னெட் மயிரிழையில் படகேறித் தப்பினார்.

ஏப்ரல் 16-இல் பாதை பிரிகிற இடத்துக்குப் படை வந்தது. இடப்பக்கம் போனால் நாக்கடோச்சஸ், அமெரிக்க எல்லை. வலப்பக்கம் போனால் ஹாரிஸ்பர்க், எதிரி. படை வலப்பக்கம் திரும்பியது. ஹூஸ்டன் ஆணையிட்டாரா, வீரர்களே திரும்பிவிட்டார்களா என்று அதில் இருந்தவர்களே பிற்காலத்தில் சண்டை போட்டுக்கொண்டார்கள். பீரங்கி இழுக்கத் தன் மாடுகளைக் கொடுத்திருந்த பமேலா மான் என்ற அம்மாள், ‘நாக்கடோச்சஸ் போவதாகச் சொல்லித்தானே வாங்கினாய்’ என்று வந்து மாட்டை அவிழ்த்துக்கொண்டு போனார் என்பது அங்கிருந்தவர்கள் சொல்லி நிலைத்த கதை.

ஏப்ரல் 18-இல் எராஸ்டஸ் ‘டெஃப்’ ஸ்மித் என்ற ஒற்றர் ஒரு மெக்சிகத் தூதனைப் பிடித்தார். பையில் இருந்த கடிதங்கள் இரண்டு சேதி சொல்லின. சான்டா அன்னாவே அந்தச் சிறு படையோடு இருக்கிறார். உதவிப்படை இன்னும் வந்துசேரவில்லை. சுற்றிவளைக்காமல் சொன்னால், எதிரி சின்னதாகிற வரை காத்திருந்தது திட்டம், அவன் சின்னதான இடமும் நாளும் அதிர்ஷ்டம்.

சான் ஹசின்டோ: 18 நிமிடத்தில் எப்படி முடிந்தது?

இடம் முக்கியம். பஃபலோ பாயூவும் சான் ஹசின்டோ ஆறும் சேரும் மூலை. டெக்சாஸ் படை ஓக் மரத்தோப்புக்குள். எதிரே ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான புல்வெளி, நடுவே லேசான மேடு. அதற்கப்பால் மெக்சிக முகாம், முதுகுக்குப் பின்னால் சதுப்பும் நீரும். ஓட வழியில்லாத இடத்தில் முகாம் போட்டதை சான்டா அன்னாவின் அதிகாரிகளே விரும்பவில்லை.

ஏப்ரல் 21 காலை 9 மணிக்கு ஜெனரல் கோஸ் ஐந்நூறுக்கு மேற்பட்டவர்களோடு வந்து சேர்ந்தார். மெக்சிகத் தரப்பு சுமார் 1,250-க்கு மேல் ஆயிற்று. டெக்சாஸ் தரப்பில் களத்துக்கு வந்தது 900 பேர் அளவில். எண்ணிக்கை எதிரிக்குக் கூடியபின் தாக்கியதுதான் விசித்திரம். ஆனால் கோஸின் ஆட்கள் இரவெல்லாம் நடந்து வந்து படுத்துவிட்டார்கள். மற்றவர்கள் முந்தின இரவு மூட்டை, சேணம், மரக்கிளைகளால் அரண் கட்டிக் களைத்திருந்தார்கள். பகல் கழிந்தது, இனித் தாக்க மாட்டார்கள் என்று தளர்ந்தார்கள். போதிய காவல் போடவில்லை.

ஹூஸ்டன் செய்தவை வரிசையாக: வின்ஸ் பாலத்தை அழிக்க டெஃப் ஸ்மித்தை அனுப்பினார். உதவிப்படை வரும் வழியும், தப்பிக்கும் வழியும் அது ஒன்றே. மூன்றரை மணிக்கு அணிவகுத்தார். நடுவில் பர்ல்சன், இடக்கோடியில் மரங்களின் மறைவில் ஷெர்மன், வலப்பக்கம் இரு பீரங்கிகள், கடைக்கோடியில் மிராபோ லமாரின் குதிரைப்படை. நான்கரை அளவில் மேட்டின் மறைவிலேயே நெருங்கி, மிக அருகே போனபின்தான் சுட்டார்கள். ஒரு வேட்டு, அதற்குப்பின் மறுபடி குண்டு போட நேரமில்லை. பெரும்பாலோரிடம் துப்பாக்கிமுனைக் கத்தி கிடையாது. துப்பாக்கியைத் தடியாகப் பிடித்தும், கத்தியை எடுத்தும் அரணைத் தாண்டினார்கள்.

ஹூஸ்டன் ஏறியிருந்த குதிரை சுடப்பட்டு விழுந்தது. வேறு குதிரையில் ஏறினார். கணுக்காலைக் குண்டு நொறுக்கியது.

18 நிமிடம் என்பது அணி உடையும் வரைக்கும்தான். அதற்குப்பின் நடந்தது போரல்ல. அலமோவையும் கோலியாடையும் கத்திக்கொண்டே, சதுப்பு நீரில் இறங்கிக் கைதூக்கியவர்களைக்கூடக் கொன்றார்கள். நிறுத்தச் சொன்ன அதிகாரிகளின் குரல் எடுபடவில்லை. மெக்சிகத் தரப்பில் இறந்தவர்கள் சுமார் 630, பிடிபட்டவர்கள் சுமார் 730. டெக்சாஸ் தரப்பில் இறந்தவர்கள் ஒன்பது பேர். இந்த எண்களின் பொருத்தமின்மையே என்ன நடந்தது என்பதைக் காட்டும். வெற்றி விழாக்களில் இந்தப் பகுதியை வேகமாகப் புரட்டிவிடுவார்கள்.

சான்டா அன்னாவை ஏன் தூக்கிலிடவில்லை?

மறுநாள் சாதாரண சிப்பாய் உடையில் பிடிபட்டார். மற்ற கைதிகள் ‘எல் பிரசிடென்டே’ என்று எழுந்து நின்று காட்டிக்கொடுத்துவிட்டார்கள். ஓக் மரத்தடியில் காலை நீட்டிப் படுத்திருந்த ஹூஸ்டனிடம் கொண்டுவந்தார்கள். சுற்றி நின்றவர்கள் கயிறு கேட்டார்கள்.

அவர் கணக்கு எளிது. தோற்றது மெக்சிகப் படையின் ஒரு துண்டு மட்டுமே. மெக்சிகத் தளபதி ஃபிலிசோலாவின் கீழ் அதைவிடப் பெரிய படை பக்கத்திலேயே நின்றது. செத்த சான்டா அன்னா யாருக்கும் கட்டளை எழுத முடியாது. உயிரோடு இருந்தவர், பின்வாங்கும்படி ஃபிலிசோலாவுக்கு எழுதினார். படை போயிற்று. மே 14-இல் வெலாஸ்கோ உடன்படிக்கையில் கையெழுத்தானது. மெக்சிகோ அதை ஏற்கவேயில்லை, பத்தாண்டு கழித்து வந்த அமெரிக்க–மெக்சிகப் போருக்கு அதுவும் ஒரு விதை.

அதிபராக என்ன செய்தார்?

1836 செப்டம்பர் தேர்தலில் 5,119 வாக்கு பெற்றார். டெக்சாஸ் குடியேற்றத்தின் தந்தை எனப்படும் ஸ்டீபன் ஆஸ்டினுக்கு 587. அடுத்தடுத்து இருமுறை இருக்கக்கூடாது என்பது சட்டம், அதனால் 1836–38, 1841–44 என இரண்டு தவணை. இடையில் லமார்.

இருவரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஹூஸ்டன் புரிவார். முதல் தவணையில் அவருக்குப் பெரிய தலைவலி சொந்தப் படைதான். சம்பளம் இல்லை, வேலை இல்லை, மெக்சிகோமீது பாயவேண்டும் என்று துள்ளல். 1837 மேயில் 600 பேர் தவிர மற்ற எல்லோரையும் விடுப்பில் அனுப்பிவிட்டார், திரும்பக் கூப்பிடவில்லை. லமார் வந்து செரோக்கிகள்மேல் போர் தொடுத்தார், சான்டா ஃபே நோக்கி சுமார் 320 பேரை அனுப்பினார், அவர்கள் பிடிபட்டார்கள், காகிதப் பணத்தை அச்சடித்துத் தள்ளினார். சுமார் 20 லட்சம் டாலராக இருந்த கடன் 70 லட்சம் அளவுக்கு ஏறியது, பணத்தாள் முகமதிப்பில் ஒரு சிறு பங்குகூடப் பெறவில்லை. திரும்பிவந்த ஹூஸ்டன் தன் சம்பளத்தையே பாதியாக வெட்டிக்கொண்டு, பதவிகளை ஒழித்து, பழங்குடிகளோடு ஒப்பந்தம் பேசினார். போரைவிடப் பேச்சு மலிவு என்பது அவருக்கு அறம் மட்டுமல்ல, வரவுசெலவும்கூட.

சறுக்கலும் உண்டு. 1842-இல் அரசு ஆவணங்களை ஆஸ்டின் நகரிலிருந்து கடத்த ஆளனுப்பினார். விடுதி நடத்திய ஏஞ்சலினா எபர்லி பீரங்கியைக் கொளுத்தி ஊரைக் கூட்டிவிட்டார். துரத்திப் பிடித்து ஆவணங்களைத் திருப்பிக்கொண்டு போனார்கள். அதிபர் மானம் வண்டியேறிப் போயிற்று.

செரோக்கிகளுக்குக் கொடுத்த வாக்கு என்னவாயிற்று?

1836 பிப்ரவரி 23-இல் டெக்சாஸ் செரோக்கித் தலைவர் பவுலோடு நில ஒப்பந்தம் செய்தார். போரில் அவர்கள் மெக்சிகோ பக்கம் சாயாமல் இருக்க அது உதவியது. வெற்றிக்குப்பின், 1837 டிசம்பரில், டெக்சாஸ் செனட் அதைச் செல்லாது என்றது. 1839 ஜூலை 16-இல் நெச்சஸ் போரில், எண்பதைத் தாண்டிய பவுல் கொல்லப்பட்டார். அப்போது அவர் இடுப்பில் இருந்தது ஹூஸ்டன் பரிசளித்த வாள். ஹூஸ்டன் சட்டமன்றத்தில் கொதித்துப் பேசினார். நிலம் திரும்பவில்லை.

டெக்சாஸ் அமெரிக்காவோடு சேர்ந்தது எப்படி?

1844 ஜூன் 8-இல் இணைப்பு உடன்படிக்கையை அமெரிக்க செனட் 35–16 எனத் தோற்கடித்தது. அடிமை மாநிலம் ஒன்று கூடுவதும் மெக்சிகோவோடு போர் வருவதும் பயம். உடன்படிக்கைக்கு மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், கூட்டுத் தீர்மானத்துக்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும். அந்தக் குறுக்குவழியில் 1845 பிப்ரவரி 27-இல் செனட்டில் 27–25 எனத் தப்பிப் பிழைத்தது. இதற்கிடையே ஹூஸ்டன் பிரிட்டனோடு நெருக்கம் காட்டி வாஷிங்டனைப் பதறவைத்தார். பொதுநிலமும் கடனும் டெக்சாஸிடமே இருந்தன. 1845 டிசம்பர் 29-இல் மாநிலமாயிற்று.

அடிமை முறையில் அவர் எந்தப் பக்கம்?

அடிமைகளை வைத்திருந்தார், இறந்தபின் எடுத்த சொத்துப்பட்டியலிலும் அவர்கள் இருந்தார்கள். அவர் தலைமையேற்ற குடியரசின் அரசியலமைப்பு அடிமைமுறையைக் காத்தது. செனட்டில் அது பரவுவதை எதிர்த்தும் வாக்களித்தார்: 1854-இல், புதிய பிரதேசங்களுக்கு அடிமைமுறை பரவ வழிவிட்ட கன்சாஸ்–நெப்ராஸ்கா மசோதாவை எதிர்த்த தெற்கத்திய செனட்டர்கள் இருவர்தான், ஹூஸ்டனும் டென்னசியின் ஜான் பெல்லும். அவருக்கு அமெரிக்க ஒன்றியம் உடையக்கூடாது என்பதே முதல் கவலை, அடிமைகளின் விடுதலை அல்ல. இந்த வித்தியாசத்தைக் குழப்பி அவரை விடுதலை வீரராக்கும் கட்டுரைகள் இணையத்தில் ஏராளம். அவர் வீட்டில் அடிமையாக இருந்த கொல்லர் ஜோஷுவா ஹூஸ்டன், விடுதலைக்குப்பின் ஹன்ட்ஸ்வில்லில் நகரசபை உறுப்பினராகவும் மாவட்ட ஆணையராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்த வாழ்க்கையைத் தனியே படிக்கலாம்.

1861-இல் பதவியை ஏன் இழந்தார்?

1859-இல் ஆளுநரானார். லிங்கன் அமெரிக்க அதிபர் தேர்தலில் வென்றதும், அமெரிக்காவிலிருந்து பிரிய வேண்டும் என்ற காய்ச்சல். சட்டமன்றத்தைக் கூட்டாமல் இழுத்தடித்தார், கொலராடோ ஆற்றங்கரையில் செய்ததுபோலக் காலத்தை வாங்கிப் பார்த்தார். இம்முறை காத்திருக்க யாரும் தயாரில்லை. பிரிவினை மாநாடு தானே கூடி பிப்ரவரி 1-இல் 166–8 என முடிவெடுத்தது. மக்கள் வாக்கெடுப்பிலும் அதுவே பெரும் வித்தியாசத்தில் வென்றது. மார்ச் 16-இல், பிரிந்த தென்மாநிலங்களின் கூட்டமைப்புக்கு உறுதிமொழி எடுக்க அவரை அழைத்தார்கள். அவர் போகவில்லை. பதவி காலி என்று அறிவித்தார்கள். படை அனுப்ப லிங்கன் முன்வந்தார், டெக்சாஸில் ரத்தம் சிந்தவேண்டாம் என்று மறுத்துவிட்டார். மூத்த மகன் சாம் ஜூனியர் தென்படையில் சேர்ந்து ஷைலோவில் காயம்பட்டுப் பிடிபட்டான், பிறகு வீடு திரும்பினான்.

இன்று எங்கே போய்ப் பார்க்கலாம்?

பியர்லண்ட் மீனாட்சி கோயிலுக்குப் போகிற தமிழர்களில் பலர் போர்க்களத்தை எட்டிப் பார்த்ததில்லை. ஹூஸ்டன் நகரின் கிழக்கே லா போர்ட்டில், கப்பல் கால்வாயை ஒட்டி, 567 அடித் தூண் நிற்கிறது. முதலில் தூணில் ஏறாமல் தோப்பிலிருந்து முகாம்வரை நடந்து பாருங்கள், மேடு எப்படி மறைக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும். நெடுஞ்சாலை 45-இல் வடக்கே சுமார் 110 கிலோமீட்டர் போனால் ஹன்ட்ஸ்வில். சாலையோரம் 67 அடி வெள்ளைச் சிலை. ஊருக்குள் அருங்காட்சியக வளாகத்தில் அவர் குடியிருந்த உட்லேண்ட் வீடும், 1863 ஜூலை 26-இல் நுரையீரல் காய்ச்சலில் உயிர்விட்ட ‘நீராவிப்படகு வீடும்’ இருக்கின்றன. படகின் தளம்போல நீண்ட தாழ்வாரம் அதற்கு, அதனால் அந்தப் பெயர். கல்லறை சற்றுத் தள்ளி ஓக்வுட் இடுகாட்டில். மார்கரெட் அங்கே இல்லை. 1867-இல் மஞ்சள் காய்ச்சலில் இறந்தவரை, தொற்றுப் பயத்தால், இன்டிபென்டன்ஸ் என்ற ஊரிலேயே அடக்கம் செய்துவிட்டார்கள்.